அழித்த கடிதத்துக்கு வந்த பதில்

இரண்டாயிரமாவது ஆண்டு, துர்கா பூஜை சமயம். கொல்கத்தா லேக் கார்டன்ஸில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அப்போது குடியிருந்தோம். என் கணவருக்கு அலிப்பூரில் அரசாங்க உத்தியோகம். நான் கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் கம்ப்யூட்டர் படித்து, கொஞ்ச நாள் வேலையும் பார்த்தவள். கொல்கத்தா வந்தபின் வேலை கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதைவிட, தேடவில்லை என்பதுதான் சரி. ஆனால் எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கணவரின் ஆபீஸில் ஏலம் விட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரை எடுத்துவரச் சொல்லி, எங்கள் கட்டடம் முழுவதற்குமாக ஒரு மெயில் சர்வர் அமைத்தேன்.

மெயில் சர்வர் என்றதும் கண்ணாடி அறை, ஏ.சி. என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கூடத்து மூலையில் அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர், ஒரு மோடம், வீட்டு டெலிபோன் லைன், அவ்வளவுதான். அப்போதெல்லாம் இன்டர்நெட் வேண்டுமென்றால் மோடம் போன் போட்டுக் கூப்பிட வேண்டும். லைன் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கட்டடத்தில் ஏழு குடும்பங்கள். ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் ஒருவராவது வெளியூரில் இருந்தார்கள். ஆளுக்கொரு கனெக்‌ஷன் எதற்கு என்று சேர்ந்து ஒன்று வாங்கினோம். இன்டர்நெட் கம்பெனியில் எங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே அஞ்சல் பெட்டி. என் கம்ப்யூட்டர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகவே போன் போட்டு, அந்தப் பெட்டியில் இருப்பதை அள்ளிக்கொண்டு வந்து, பெயர் பார்த்து ஒவ்வொரு வீட்டுக்குமாகப் பிரித்து வைக்கும். சென்னையில் இருக்கும் என் தம்பி இதே துறைக்காரன். அவன் அனுப்பிய சி.டி.யையும் போனில் செய்த உபதேசத்தையும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் மல்லுக்கட்டி அதை ஓட வைத்தேன். முதல் அஞ்சல் வந்து விழுந்த அன்று வீட்டில் கேசரி கிண்டினேன்.

என் கணவர் எனக்கு வைத்த பெயர் போஸ்ட் மாஸ்டரம்மா. மோடம் லைனைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது யாரும் எங்களுக்குப் போன் செய்ய முடியாது என்பதில் அவருக்கு வருத்தம். “ஊர்ல யாராவது மண்டையப் போட்டாக்கூட நமக்கு விஷயம் தெரியாது” என்பார். ஆனால் சாயங்காலம் கட்டடமே எங்கள் கூடத்துக்கு வந்து தங்கள் கடிதங்களைப் படித்துவிட்டுப் போவதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான். டீ போடுவது அவர் பொறுப்பு.

இனி மாஷிமாவைச் சொல்ல வேண்டும். மாஷி என்றால் வங்காளியில் சித்தி, பெரியம்மா. அந்த வயதுப் பெண்மணிகளை எல்லோரும் மாஷிமா என்றுதான் கூப்பிடுவோம். எங்களுக்கு மேல் மாடியில் தனியாக இருந்தார். கணவர் இல்லை. ஒரே பிள்ளை அமெரிக்காவில். அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான், அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, வார்த்தை தடித்துவிட்டது. அதிலிருந்து நான்கு வருடமாகக் கடிதமில்லை, போனில்லை. கட்டடத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அவர் எதிரில் யாரும் பேச மாட்டோம்.

சர்வர் தயாரானதும், “உங்க சொந்தக்காரங்க இ-மெயில் விலாசமெல்லாம் குடுங்க, புது விலாசம் வந்திருக்குன்னு எல்லாருக்கும் ஒரு தகவல் அனுப்பிடறேன்” என்று வீடு வீடாகக் கேட்டேன். மாஷிமா அண்ணன் மகன் ஒருவனின் விலாசம், ஒரு பழைய சினேகிதியின் விலாசம் என்று கொடுத்துவிட்டு, நான் படியிறங்கும்போது கூப்பிட்டார். மடித்த ஒரு துண்டுத்தாளை நீட்டி, “இதையும் வேணும்னா போடு. போடாட்டியும் பரவாயில்ல” என்றார். பிள்ளையின் விலாசம். அனுப்பினேன். அங்கிருந்து பதில் வரவில்லை. மாஷிமாவும் கேட்கவில்லை. ஆனால் தினம் ஏதாவது சாக்கில் இறங்கி வருவார். “பௌமா, கறிவேப்பிலை இருக்கா?” என்பார். பௌமா என்றால் மருமகளே என்று அர்த்தம். வங்காளிச் சமையலில் கறிவேப்பிலைக்கு என்ன வேலை என்று நான் கேட்டதில்லை.

அந்த வருடப் பூஜையும் எங்கள் நவராத்திரியும் வழக்கம்போல ஒன்றாகவே வந்தன. தெருமுனைப் பந்தலில் டாக் மேளம், எங்கள் கூடத்தில் கொலு. படி கட்ட இடம் போதாமல் கம்ப்யூட்டர் மேஜையை ஓரமாகத் தள்ளியதில், செட்டியார் பொம்மையும் மோடமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. சப்தமி அன்று காலை விளக்கேற்றிவிட்டு கம்ப்யூட்டரைப் பார்த்தேன். யாருக்கும் ஒரு கடிதமும் வரவில்லை. ஒரு பெரிய அஞ்சலை வாங்கத் தொடங்கி, பாதியில் லைன் அறுந்திருந்தது. மறுபடி ஆரம்பத்திலிருந்து, மறுபடி அறுந்திருந்தது. பாதி வந்த கடிதத்தை அது வைத்துக்கொள்ளாது. யாருக்கு, யாரிடமிருந்து என்று ஒரு வரி மட்டும் திரையில் காட்டும். அந்த வரியில் இருந்தது மாஷிமாவின் பிள்ளை பெயர்.

மாடிக்கு ஓடினேன். மாஷிமா அரிவாள்மணையில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். “உங்க பையன்கிட்டேர்ந்து ஒரு கடிதம் வந்துட்டிருக்கு மாஷிமா. ரொம்பப் பெரிசா இருக்கு” என்றேன். அவர் நிமிரவில்லை. மிச்சமிருந்த கத்திரிக்காயை நறுக்கி முடித்து, கை கழுவி, நல்ல புடவை ஒன்றை மாற்றிக்கொண்டு இறங்கி வந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார்.

பிறகு எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி இணைப்புப் பிடிக்கும்போதெல்லாம் கையிலிருக்கும் சுண்டலைக் கீழே வைத்துவிடுவார். லைன் அறுந்ததும் எடுத்துக்கொள்வார். வெளியே மழை வேறு. எங்கள் பக்கத்து டெலிபோன் லைனுக்கும் மழைக்கும் ஜன்மப் பகை. கணவர் கொலுவின் சீரியல் லைட்டுதான் காரணம் என்று கண்டுபிடித்து அதை அணைத்தார். பிரயோஜனமில்லை. இன்டர்நெட் கம்பெனியின் உதவி நம்பரில் பூஜை விடுமுறை என்று ஒரு பதிவுக் குரல்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கொலுவுக்கு வெற்றிலை பாக்கு வாங்க வந்தவர்கள்கூட மாஷிமாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அஷ்டமி காலையில் கட்டடமே பந்தலுக்குப் போய்ப் பூப்போட்டு அஞ்சலி செய்தது. மாஷிமா போகவில்லை. “அம்மன் தசமிவரைக்கும் இங்கதான் இருப்பா. எங்க போயிடப் போறா?” என்றார்.

நவமி அன்று மத்தியானம்தான் சிக்கல் வந்தது.

கீழ் வீட்டில் இருந்தவர் கப்பல் இன்ஜினீயர். தாதா, அதாவது அண்ணா என்று கூப்பிடுவோம், அவர் மனைவியை பௌதி, அதாவது அண்ணி என்று. கப்பல்காரர்களுக்கு ஒரு கப்பலிலிருந்து இறங்கிவிட்டால் அடுத்த கப்பல் கிடைக்கும்வரை சம்பளம் கிடையாது. தாதா வீட்டில் உட்கார்ந்து எட்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பௌதி டியூஷன் சொல்லிக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அன்று அவர்கள் வீட்டுக்கு மும்பை ஏஜென்டிடமிருந்து போன் வந்தது. கப்பல் சிங்கப்பூரில் நிற்கிறது, தாதா உடனே போய்ச் சேர வேண்டும், அதற்கான காகிதங்களை நேற்றிலிருந்து மெயிலில் அனுப்புகிறேன், பெட்டி நிறைந்துவிட்டது என்று திரும்பித் திரும்பி வருகிறது என்றாராம். அந்தக் காகிதங்களை அச்செடுத்துக் காட்டாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். மறுநாள் தசராவுக்கு மும்பையில் ஆபீஸ் இல்லை. சாயங்காலம் கதவைப் பூட்டுவதற்குள் கடைசியாக ஒருமுறை அனுப்புவேன், அதுவும் திரும்பினால் வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். பேக்ஸ் வைத்திருந்த தெருமுனை டெலிபோன் பூத்காரர் பூஜைக்குத் தன் ஊருக்குப் போயிருந்தார்.

பெட்டி ஏன் நிறைந்தது என்று எனக்குப் பார்க்காமலே தெரிந்தது. அன்றைக்கெல்லாம் ஒரு பெட்டியில் இவ்வளவுதான் கொள்ளும் என்று ஒரு கணக்கு உண்டு. மாஷிமாவின் கடிதம் ஒன்றே முழு இடத்தையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அது நகர்ந்தால்தான் தாதாவின் காகிதம் உள்ளே வரும். அதை இறக்கிக்கொள்ள லைன் விடவில்லை. இன்னொரு ஊரிலிருந்து என் தம்பியை எடுக்கச் சொல்லலாம் என்றால், எங்கள் கம்பெனியின் பெட்டியை அந்தக் கம்பெனி லைன் வழியாக மட்டும்தான் திறக்க முடியும். மிச்சமிருந்தது ஒரே வழி, அழிப்பது.

நான் இதைக் கணவரிடம் தமிழில் மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் பௌதி என் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துகொண்டு கேட்க, வங்காளியில் சொல்ல வேண்டியதாயிற்று. தாதா உடனே, “வேண்டாம். எனக்கு வேற கப்பல் வரும். மாஷிமா கடிதத்தை யாரும் தொடக் கூடாது” என்றார். பௌதி கொலுவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.  நாலு வருடம் கழித்து வந்த கடிதம் அது. எட்டு மாதம் கழித்து வந்த வேலை இது. இரண்டுக்கும் சாவி என் மேஜையில் இருக்கிறது. இந்தப் போஸ்ட் மாஸ்டர் வேலையை யார் என்னைப் பார்க்கச் சொன்னது என்று நொந்துகொண்டேன்.

மாஷிமா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டார். “அழிச்சா திரும்ப எடுக்க முடியுமா?”

“முடியாது மாஷிமா.”

“அழிக்காம வச்சிருந்தா எனக்கு வந்து சேருமா?”

“வரலாம். மழை விட்டா வரலாம். இல்ல, இப்படியே அறுந்துக்கிட்டும் இருக்கலாம்.”

கம்ப்யூட்டரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, “அழிச்சிடு” என்றார். தாதா ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீ போய்ப் பெட்டி கட்டு” என்று அவரை அடக்கிவிட்டார். நான் மனசு கேட்காமல், “உங்க பையனுக்கு நான் நாலு வரி எழுதட்டுமா? இன்னொரு தடவை அனுப்பச் சொல்லி?” என்றேன். “நீ எழுதாதே” என்றார். 

அந்தப் பெட்டிக்குள் நேராகப் போய் ஒரு கடிதத்தை அழிப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. தம்பியைத்தான் கேட்க வேண்டும். எங்கள் லைனில் மோடம் இருக்கிறதே, அதனால் கீழே தாதா வீட்டுப் போனிலிருந்து என் கணவர் சென்னைக்குப் பேசினார். தம்பி சொல்வதை இவர் மாடிப்படியைப் பார்த்துக் கத்த, நான் மேலே அடித்தேன். “லிஸ்ட்னு அடிக்கணுமாம். என்ன தெரியுது?” “ஒண்ணாம் நம்பர்தான் பெரிசு.” “அப்ப அந்த ஒண்ணை அழிக்கச் சொல்லு. அப்புறம் கண்டிப்பா க்விட் அடிக்கணுமாம், அதுவரைக்கும் நிஜமா அழியாதாம்.” நான் அழித்தேன். க்விட் அடிக்கப் போகும்போது லைன் அறுந்தது. திரும்ப இணைப்புக் கிடைத்துப் பார்த்தால் கடிதம் பழையபடி பெட்டியிலேயே இருந்தது.

எனக்கு அது கடவுள் கொடுத்த அவகாசம் மாதிரி பட்டது. மாஷிமா பக்கம் திரும்பி, “இன்னும் இருக்கு மாஷிமா. என்ன செய்யட்டும்?” என்றேன்.

“ஒரு தடவை சொன்னேனே. ஏன் ரெண்டாம் தடவை சொல்ல வைக்கிற?” என்றார். இந்த முறை லைன் அறுவதற்குள் க்விட் அடித்துவிட்டேன்.

சாயங்காலம் தாதாவின் காகிதங்கள் மோடத்தின் இரண்டாவது முயற்சியில் வந்து சேர்ந்தன. பிரின்டரில் அச்சாகி வந்ததும் பௌதி அவற்றை எடுத்துக்கொண்டு நேராக மாஷிமா காலைத் தொட்டார். மாஷிமா அவர் தலையில் கை வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மாடியேறிப் போனார். மறுநாள் காலை, ஊர்வலங்கள் தெருவை அடைப்பதற்கு முன்னால் தாதா டாக்சி பிடித்து விமான நிலையம் போய்விட்டார்.

அன்று மாலை சிலைகள் கங்கைக்குப் போனபின் பிஜோயா. கொல்கத்தாவில் இருந்தவர்களுக்குத் தெரியும். சின்னவர்கள் பெரியவர்களை வணங்கவும் பெரியவர்கள் ஆசீர்வதிக்கவும் ஆன நேரம் அது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் முதலில் கடிதம் எழுத வேண்டும், அதற்குப் பெரியவர்கள் ஆசீர்வாதம் எழுதுவார்கள். பெரியவர் முந்திக்கொண்டு எழுதும் வழக்கம் இல்லை. மாஷிமா தேங்காய் உருண்டைத் தட்டோடு வந்தார். தட்டை வைத்துவிட்டு, “எழுதிக்கோ” என்றார். நான் விழித்தேன். “என்ன பாக்கற? அவன் முறைப்படி முதல்ல எழுதிட்டான். படிக்க முடியாமப் போனது நம்ம குத்தம். பதில் போடலேன்னா நல்லாவா இருக்கும்?” என்றார்.

வங்காளியை ஆங்கில எழுத்தில் அடித்தேன். உன் கடிதம் வந்தது. ரொம்பப் பெரிதாக இருந்ததால் இங்கே இருக்கும் இயந்திரத்தால் வாங்க முடியவில்லை. கீழ் வீட்டுப் பையனின் வேலைக்காக அதை நான்தான் அழிக்கச் சொன்னேன். நீ என்ன எழுதியிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. மறுபடி எழுது. சின்னதாக எழுது. இவ்வளவும் சொல்லி முடித்தார். அப்புறம், “உங்கள் இருவருக்கும் பிஜோயா ஆசீர்வாதம்னு போடு” என்றார். இருவருக்கும் என்ற வார்த்தையை அடிக்கும்போது கண்ணீர் திரையை மறைத்தது.

பதில் இரண்டு நாளில் வந்தது. சின்னதாகத்தான் இருந்தது. மாஷிமா அதைத் தானே படித்தார், நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அதன்பிறகு வாரம் ஒரு கடிதம் தவறாமல் வந்தது. மாஷிமா கறிவேப்பிலை கேட்பதை நிறுத்திவிட்டு நேராகவே, “எனக்கு வந்திருக்கா?” என்று கேட்க ஆரம்பித்தார்.

அடுத்த குளிர்காலத்தில் பிள்ளையும் மருமகளும் வந்தார்கள். நல்ல பெண். மாஷிமா அவளைக் கடைவீதிக்கு அழைத்துக்கொண்டு போயிருந்த ஒரு மத்தியானம், அவன் எங்கள் வீட்டுக்கு வந்து அந்தக் கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும் என்றான். பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“பௌதி, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? அம்மா முதல்ல போட்ட கடிதத்துல, நான் ஏதோ எழுதி அது அழிஞ்சு போச்சுன்னு இருந்துச்சு. அது அம்மாவே யோசிச்சதா, நீங்க சொல்லிக் குடுத்ததா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “யோசிக்கறதாவது? நெஜமாவே வந்துச்சு. பெட்டியே நிறைஞ்சு போச்சு. ரெண்டு நாளா உங்கம்மா இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தாங்க.”

“நான் எழுதவே இல்லையே” என்றான். “எழுதணும்னு தினம் நினைப்பேன், எழுதினதில்ல. அம்மா கடிதத்தைப் பார்த்ததும், என்கிட்ட முதல்ல பேசறதுக்காக அம்மா ஒரு பொய்யைக் கட்டியிருக்காங்கன்னுதான் நினைச்சேன். அம்மா பொய் சொல்லி நான் கேட்டதில்ல. அவங்களே எனக்காக இவ்வளவு இறங்கி வந்திருக்காங்கன்னு நினைச்சதும் தாங்கல. அன்னைக்கு ஆபீஸ்ல உட்கார்ந்து அழுதேன்.”

எந்தச் சமயம், எவ்வளவு பெரியது என்று மறுபடி விசாரித்தான். யோசித்தான். திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். அமெரிக்காவில் அந்த மாதத்தில் பூசணிக்காயில் முகம் செதுக்கி வைக்கும் ஒரு பண்டிகை உண்டாம். பூசணிக்காய் ஒன்று இடுப்பை ஆட்டி டான்ஸ் ஆடும் ஒரு கார்ட்டூன் படத்தை ஆபீஸில் யாரோ அவனுக்கு அனுப்ப, அவன் அதைத் தன் விலாசப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே தட்டில் தள்ளிவிட்டிருக்கிறான். நான் அனுப்பிய தகவலால் அந்தப் புத்தகத்தில் அம்மாவின் விலாசமும் தானாக ஏறியிருந்தது அவனுக்கே தெரியாது.

ஆக, அஞ்சலிக்குக்கூடப் போகாமல் மாஷிமா காத்துக் கிடந்ததும், கீழ் வீட்டுக்காக மனதைக் கல்லாக்கிக்கொண்டு அழிக்கச் சொன்னதும் ஒரு பூசணிக்காய் ஆட்டத்துக்கு. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும், “அம்மாகிட்ட சொல்லிடட்டுமா?” என்று கேட்டான். “எதுக்கு?” என்றேன். அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது மாஷிமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரை, முதலில் எழுதியது தன் பிள்ளைதான் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிள்ளைதான் முதலில் எழுதினான் என்று மாஷிமா நம்பினார், அம்மாதான் முதலில் இறங்கி வந்தாள் என்று பிள்ளை நம்பினான். இரண்டுமே நடக்கவில்லை. ஆனால் இருவரும் பேசிக்கொண்டார்கள், அது நடந்தது. யார் முதலில் என்ற கேள்விக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கலாம் என்று எனக்கு அன்று தெரிந்தது. சில வருடம் கழித்து என் நாத்தனாருக்கும் எனக்கும் ஒரு கல்யாண வீட்டில் மனஸ்தாபமாகி, மாதக்கணக்கில் பேச்சு நின்றுபோயிற்று. ஒருநாள் நானே போனை எடுத்து, “அண்ணி, உங்க போன் வந்திருந்ததாமே, நான் வீட்டுல இல்ல” என்றேன். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். “ஆமா, பண்ணியிருந்தேன். எங்க போயிருந்தே?” என்றார்.